வாலுக்குள் கட்டை பிடிக்கிறவள்

நான் நாலடி எட்டங்குலம். தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், "கூடை தனியா நடந்து வருது பாரு" என்று கங்காணி நக்கல் அடிப்பான். அவன் நாசமாய்ப் போக. அந்த உயரத்தை வைத்துத்தான் நான் மூன்று வருசம் மானமாகச் சோறு தின்றேன். இந்த வன்னியில் ஆகாய விமானத்துக்குள் வேலை செய்த ஒரே பொம்பிளை இந்த ராக்காயிதான். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கு ஒன்றும் குறையப் போவதில்லை.

எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். நானும் என் புருசன் ஆண்டியப்பனும் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்து, புளியங்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடிசை போட்டோம். அவனுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. எனக்கு வரவில்லை. அப்பன் பெயரில் ஏதோ எழுத்துப் பிழையாம். "நான் முன்னாடி போய் உன்னைய எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக் கப்பல் ஏறினான். ஏறினவன் ஏறினவன்தான். இந்தியாவும் எனக்கில்லை, இலங்கையும் எனக்கில்லை. அடையாள அட்டை கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் என் மூஞ்சி மட்டும்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ராஜரத்தினம் ஐயா ஆள் தேடிக்கொண்டு வந்தார். இரத்மலானையில் விமானம் திருத்தி ஓய்வு பெற்ற மனிதர். "சின்ன உடம்பு வேணும், பெரிய பொறுமை வேணும். பொடியள் சரிவராது, பத்து நிமிசத்திலை வெளியிலை வந்திடுவாங்கள்" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஐயா, மாடு வாங்க வந்தவர் மாதிரி பாக்கிறீங்க?" என்றேன்.

மனிதர் சிரிக்கவில்லை. "இருட்டுக்குப் பயமோ?" என்று மட்டும் கேட்டார். பசிக்குத்தான் பயம் என்றேன். அடுத்த நாளே வேலை.

விசயம் இதுதான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது, அவனைத் துரத்திப் போன இங்கிலீஸ் விமானம் ஒன்று அடிபட்டு எங்கள் பக்கத்துக் குளத்தில் விழுந்தது. நாற்பது வருசம் சேற்றுக்குள் கிடந்தது. எண்பத்திரண்டில் மழை பொய்த்துக் குளம் வற்ற, வால் மட்டும் மேலே தெரிந்தது. அதை ஓட்டிச் செத்தவனின் தம்பி லண்டனில் ஒரு பெரிய துரை. அவர் வந்து சேற்றுக்குள் முழங்காலில் நின்று அழுதாராம். தோண்டியபோது அண்ணனின் கால் சப்பாத்து ஒன்றுதான் கிடைத்தது. அந்த விமானத்தைத் திருத்தித் திரும்பவும் பறக்கவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எஞ்சினைப் பெட்டியில் அடைத்து லண்டனுக்கு அனுப்பினார். இறக்கைச் செட்டைகள் கொழும்புக்குப் போயின. வால் பகுதி மட்டும் பழைய நெல்லு மில்லின் கொட்டிலில், ராஜரத்தினம் ஐயாவின் பொறுப்பில் இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு துரை இந்தப் பக்கம் வரவில்லை, கடிதம் மட்டும்தான் வந்தது. ஐயா வேலையை நிறுத்தவில்லை.

ஊருக்கு இது பெரிய பகிடி. நளீர் நானாவின் தேத்தண்ணிக் கடையைத் தாண்டினால், "என்ன ராக்காயி, உங்கடை பிளேன் எப்ப எழும்பும்? இஞ்சை பிளேன்ரீ ஆறுது" என்று பால் விடாத தேத்தண்ணியைக் காட்டி யாராவது கத்துவான். "எழும்புற அன்னைக்கு உன் தலைக்கு மேலதான் மொதல்ல வரும், குடையைப் பிடிச்சுக்க" என்பேன் நான்.

"காட்சிக்கு வைக்கிறதெண்டால் பெயின்ற் அடிச்சால் போதும். பறக்கிறதெண்டால் ஒரு ரிவெட் பிழைச்சாலும் ஒரு உயிர்." ஐயா இதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். வேலை இப்படித்தான். அலுமினியத் தகட்டைச் சட்டத்தில் பொருத்தி, ஓட்டையில் ரிவெட் ஆணியைச் செருகி, வெளியே நின்று மெக்கானிக் முத்துலிங்கம் அடிப்பான். நான் வாலுக்குள் படுத்துக் கிடந்து, ஓர் இரும்புக் கட்டையை ஆணியின் நுனியில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடி விழ விழ நுனி கட்டையில் நசுங்கிப் பட்டையாகித் தகட்டை இறுக்கிவிடும். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் தட்டித்தான் பேசுவோம். வெளியே அவன் ஒரு தட்டுத் தட்டினால் "தயாரோ?" என்று அர்த்தம். உள்ளே நான் ஒரு தட்டுத் தட்டினால் "கட்டை வைத்தாயிற்று, அடி." இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் ஆணி கோணிவிட்டது, துளைத்து எடு. மூன்று வருசத்தில் எத்தனை ஆயிரம் தட்டு என்று எனக்குத் தெரியாது. நித்திரையிலும் என் கை பாயைத் தட்டும்.

முத்துலிங்கம் வட்டக்கச்சியில் ட்ராக்டர் திருத்தினவன். ஒல்லி, முன்கோபக்காரன், வேலையில் கெட்டிக்காரன். நேரில் "பாஸ், வாங்க, போங்க"தான். மனதுக்குள் அவன் இவன் என்றுதான் சொல்வேன், யார் கேட்கப் போகிறார்கள். அவன் என்னை "பிள்ளை" என்பான். பெயர் சொன்னதே கிடையாது. மில்லுக்குப் பக்கத்தில் வீடெடுத்துத் தாய் வடிவம்மாவோடு இருந்தான். அந்த அம்மா தோட்டக்காட்டுச் சனத்தைக் குசினி வாசலுக்கும் விடமாட்டா. எனக்கென்று முற்றத்து வேலியில் ஒரு நெளிந்த தகரக் குவளை கவிழ்த்து வைத்திருந்தா. மகன் தாய்க்குத் தெரியாமல் தன்னுடைய கோப்பையில் தேத்தண்ணி கொண்டு வந்து வாலுக்குள் நீட்டுவான். நான் பாதி குடித்துக் கொடுத்தால் மிச்சத்தை அவன் குடிப்பான். எனக்கு அவன் மேல் ஆசை இருந்தது. இப்போது சொல்ல என்ன வெட்கம்? அப்போதுதான் சொல்லவில்லை. தட்டுப் பாசையிலும் அதற்கு ஒரு சொல் இல்லை.

எண்பத்தைந்து ஆவணி. வலது பக்க அடித் தகடுதான் கடைசித் தகடு. அது முடிந்தால் வாலை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம். பாதித் தகட்டுக்கு முதல் நாளே ரிவெட் அடித்துவிட்டோம். மற்றப் பாதியைச் சின்னச் சின்ன போல்ட் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்தோம், நட்டெல்லாம் வெளிப்பக்கம். நான் உள்ளே போய் வருவது இடது பக்கத்து வாசலால். வாசல் என்றால் ஒரு முறத்தளவுதான். அதை மூடுகிற தகட்டுக்கு எட்டுத் திருகாணி, எல்லாம் வெளியிலிருந்து பூட்டுவது. முன்பக்கம் ஒரு கை மட்டும் போகிற ஓட்டைகளோடு இரும்புத் தட்டு. ஆக, வாசலை மூடினால் உள்ளே இருக்கிறவளுக்கு வழி கிடையாது.

காலை எட்டு மணியிருக்கும். நான் உள்ளே போய்க் கட்டையைக் கையில் எடுத்தேன். றோட்டில் ட்ரக் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று. முத்துலிங்கத்தின் முகம் வாசலில் வந்தது.

"பிள்ளை, ஆமி வாறான். மில் வளவுக்குள்ளை திரும்பிட்டான்."

"ஐயோ பாஸ், வழியை விடுங்க, நான் காட்டுக்குள்ள ஓடிர்றேன்."

"ஓட நேரமில்லை. ஐடென்ரிற்றி காட் இல்லாமல் உன்னைப் பிடிச்சால் ஆர் வந்து எடுக்கிறது? பேசாமல் கிட. மூடுறன்."

"மூடாதீங்க பாஸ்! செத்துருவேன்!"

"அவங்கள் போனதும் திறக்கிறன். அரை மணித்தியாலம். சத்தம் போடாதை."

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதற்கு முந்தின மாதம் பக்கத்துப் பண்ணைக்கு ஆமி வந்து, அட்டை இல்லாத மலைநாட்டுச் சனத்தை பஸ்ஸில் ஏற்றியது. ஏறினவர்களில் நாலைந்து பேர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. தகடு வந்து வெளிச்சத்தை மூடியது. திருகாணிகள் ஒவ்வொன்றாகச் சுழலுகிற சத்தத்தை எண்ணினேன். எட்டு. அவன் ஒன்றையாவது பூட்டாமல் விட்டிருக்கலாம் என்று அன்றைக்கு எத்தனை முறை திட்டினேன் தெரியுமா? அரைகுறையாக வேலை செய்ய அவனுக்கு வராது, அதுதான்.

உள்ளே கும்மிருட்டு. ஆணி போடாத ஓட்டைகளில் மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக நின்றது. ஒன்றில் கண்ணை வைத்தேன். ஒரு அதிகாரி, இருபது முப்பது ஆமிக்காரர்கள். ஐயா கொழும்பு முத்திரை குத்திய கடிதத்தை நீட்டி இங்கிலீசும் சிங்களமும் கலந்து விளக்கினார். நாற்பத்திரண்டு, ஜப்பான், இதற்குள் ஒரு விமானி செத்தான், இது சரித்திரம் என்றெல்லாம் பெருமையாகச் சொன்னார். அதிகாரி கடிதத்தை மடித்துத் தன் பொக்கற்றில் வைத்தான். பிறகு சிங்களத்தில் மற்றவனிடம் சொன்னான்: "இயக்கப் பொடியன்களுக்கு பிளேன் கட்டுகிறார்கள் என்று தேத்தண்ணிக் கடை முழுக்கப் பேச்சு. கிழவன் சரித்திரம் படிப்பிக்கிறான்."

எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. தோட்டத்தில் பிறந்தவளுக்கு வராதா? பகிடிக்குச் சொன்ன கதை எங்கே போய் நின்றது பாருங்கள். வாயை உடைக்க வேண்டும் அவன்களுக்கு. எனக்கும் சேர்த்துத்தான்.

ஐயாவையும் முத்துலிங்கத்தையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். முத்துலிங்கம் வாலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சந்தேகம் வரும் என்று கழுத்தை இறுக்கி வைத்திருந்தான். ட்ரக்குகள் போயின. அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் கண்டேன், ஐந்து பேரைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கொட்டிலுக்குள் வந்து துவக்குகளை வாலில் சாத்தினார்கள். ஒருவன் வால் செட்டையில் சட்டையைக் காயப் போட்டான். கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள்.

நான் உள்ளே இருப்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் ட்ரக்கில் போகிறார்கள். தட்டினால் திறப்பார்கள். திறந்தால் அட்டை இல்லாத பொம்பிளை, ஐந்து ஆமிக்காரர், நடுக்காடு. தட்டாவிட்டால் தண்ணீர் இல்லை, ஒளித்து வைத்தவன் திரும்பி வருவானா என்பதும் தெரியாது. இரண்டில் எதை எடுத்தாலும் சாவுதான்.

பத்து மணிக்கே கூரைத் தகரம் கொதித்தது. மத்தியானம் அலுமினியத்தில் முதுகு வைக்க முடியவில்லை. சீலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன், முனகல் வெளியே வந்துவிடக் கூடாதே. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது. சொல்வதில் என்ன, மனுசி உடம்புதானே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பருப்புக்கறி தாளிக்கிற வாசம் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுதால் தண்ணீர் வீணாகும் என்று அழுகையையும் அடக்கினேன். கடைசித் தகட்டைத் தடவிப் பார்த்தேன். ரிவெட் அடித்த பாதி மலை மாதிரி அசையாது, என் கை பிடித்த வேலை. போல்ட் போட்ட பாதியைக் கட்டையால் மொத்தினால் பிய்ந்துவிடும். ஆனால் முதல் மொத்திலேயே ஐந்து துவக்கும் திரும்பும். கையில் வழியை வைத்துக்கொண்டே கிடந்தேன்.

பின்னேரம் நாலு மணிபோல் கண் செருகிவிட்டது. நித்திரையா மயக்கமா தெரியாது. யாரோ வாலில் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

என் கை கட்டையைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டியது.

சத்தியமாக நான் தட்டவில்லை, கைதான் தட்டியது. "தயாரோ" என்று கேட்டால் "அடி" என்று சொல்லிப் பழகின சனியன் பிடித்த கை. அடுத்த கணம் முழித்துவிட்டேன். ஓட்டையில் கண்ணை வைத்தேன். ஒரு ஆமிக்காரன் கழுவின கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். போகிற போக்கில் கோப்பையால் தட்டியிருக்கிறான் பாவி.

"உள்ளேயிருந்து யாரோ தட்டினான்" என்றான் சிங்களத்தில்.

"உனக்கு வெய்யில் ஏறிவிட்டது" என்றான் மற்றவன்.

கோப்பைக்காரன் திரும்பவும் ஒரு தட்டு. நான் வலக்கையை இடக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தமில்லை. மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான், துவக்கின் அடிக்கட்டையால் டொங் என்று ஒன்று வைத்தான். அது அச்சாக முத்துலிங்கத்தின் தட்டு, அதே கனம், அதே இடம். என்ன சொல்ல? இடக்கையை உதறிவிட்டு வலக்கை பதில் சொல்லிவிட்டது.

சிரிப்பு நின்றது. "ஹொல்மன்!" என்று ஒருவன் கத்தினான். பேய் என்று அர்த்தம். "செத்த வெள்ளைக்காரன்! கிழவன் சொன்னானே, இதற்குள் செத்தவன்!" வாலில் சாத்திய துவக்கு ஒன்று சரிந்து விழுந்தது, விழுந்ததை இழுத்துக்கொண்டு ஓடினான். ஐந்து பேரும் கொட்டிலுக்கு வெளியே பாலை மரத்தடிக்கு ஓடிப் போய் நின்றார்கள்.

எனக்கு ஒரு பக்கம் உயிர் போகிறது, மறுபக்கம் சிரிப்பு வருகிறது. பேய் என்றுதானே நினைக்கிறார்கள், பேயாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இனி மொத்தினால் யாரும் கிட்ட வரமாட்டான். கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, போல்ட் போட்ட பாதியில் ஓங்கி மொத்தினேன். வெளியே ஒரு வெடி கேட்டது, கூரையில் பட்டது. நான் நிறுத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரு ஊளை வந்தது. அது பயமுறுத்தப் போட்டதல்ல, தானாக வந்தது. மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் உதைத்தேன். ஒரு போல்ட் தெறித்தது, பிறகு மூன்று, பிறகு தகடு ஓரத்தில் கிழிந்து வெளியே மடிந்தது. மூன்று நாள் பார்த்துப் பார்த்துச் செய்த தகடு. பறக்க வேண்டிய தகடு. கிழிந்த விளிம்பு தொடையில் முழங்காலிலிருந்து இடுப்பு வரை கோடு போட்டது. நான் தரையில் விழுந்தேன்.

கொட்டிலின் பின்சுவர் எப்போதோ இடிந்தது. அந்த வழியாகத் தவழ்ந்து, நூறு அடி தள்ளி இருந்த நாயுண்ணிச் செடிப் பற்றைக்குள் புகுந்தேன். அதற்கு அப்பால் குளம். மாடு குடிப்பது போல வாயை வைத்துக் குடித்தேன். சீலையைக் கிழித்துத் தொடையைக் கட்டினேன். அதற்கு மேல் நடக்கக் கால் வரவில்லை. அன்றைக்கு அவர்கள் கொட்டிலுக்குள் திரும்ப வரவே இல்லை. இரவு முழுக்கப் பற்றைக்குள் கிடந்தேன்.

விடிந்து வெய்யில் ஏறின நேரம் ஒரு ஜீப் வந்தது. அந்த அதிகாரி இறங்கினான். பின்னால் கை கட்டி முத்துலிங்கம். ஒரு பக்க முகம் வீங்கி, கண் மூடிப் போயிருந்தது. அவன் இறங்கினதும் யாரையும் பார்க்காமல் வாலைப் பார்த்து ஓடினான், கட்டின கையோடு.

நடந்தது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரவு முழுக்க அடித்தும் வாய் திறக்காதவன், விடிந்ததும் தானாகச் சொல்லிவிட்டான். வெய்யில் ஏறப் போகிறது, இன்னொரு பகல் அந்தத் தகரத்துக்குள் நான் தாங்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த வாலின் சூடு அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? சொன்னால் என்னைப் பிடிப்பார்கள், சொல்லாவிட்டால் நான் செத்துப் போவேன். பிடித்தாலும் உயிரோடு இருப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

கையை அவிழ்த்துவிட்டார்கள். அவன் இடது பக்கம் நின்றான், கிழிசல் வலது பக்கம், அவனுக்குத் தெரியவில்லை. திருப்புளியைப் பிடிக்க விரல் வளையவில்லை. "பிள்ளை, பிள்ளை, திறக்கிறன், பொறு" என்று தகட்டோடு பேசிக்கொண்டே எட்டுத் திருகாணியையும் கழற்றினான். தலையை உள்ளே விட்டான். அங்கே அவன் கண்டது என்ன? மறுபக்கத்துக் கிழிசலால் வருகிற வெளிச்சம்.

உள்ளே தலையை வைத்தபடி அவன் சிரித்தான். வாலுக்குள் சிரித்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். எனக்கு வடிவாகக் கேட்டது. அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. நான் தப்பிவிட்டேன் என்று சந்தோசம், அவ்வளவுதான்.

அதிகாரி மறுபக்கம் சுற்றிப் போய்க் கிழிந்த தகட்டைப் பார்த்தான். இரத்தத்தைத் தொட்டுப் பார்த்தான். "ஆள் எங்கே?"

"பொம்பிளை, சேர். எங்களோடை வேலை செய்யிற பொம்பிளை. உள்ளுக்கை இருந்து கட்டை பிடிக்கிறவ. வேறை ஒண்டுமில்லை, சேர்."

"பிளேனுக்குள் பொம்பிளைக்கு என்ன வேலை?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் சிங்களத்தில் சொன்னான்: "உண்மையிலேயே ஒரு பொம்பிளை வந்து நின்றால் இரண்டு பேரையும் விட்டுவிடு. முகாமில் எனக்கு இடமில்லை. ஒருத்தியும் வராவிட்டால் இவன் ஒளித்து வைத்தது ஆயுதக்காரனை."

முத்துலிங்கத்துக்குச் சிங்களம் தெரியாது. அந்த இடத்தில் நின்ற தமிழரில் அது விளங்கினது எனக்கு மட்டும்தான்.

"கூப்பிடு" என்றான் அதிகாரி. "வா சொல்லு."

முத்துலிங்கம் கொட்டிலின் இடிந்த பக்கத்துக்கு வந்து நின்றான். எனக்கு நேரே. பற்றையையும் பார்த்தான், குளத்தையும் பார்த்தான். ஓடியிருந்தால் நான் எந்தப் பக்கம் ஓடியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியாதா? வாயைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக் கத்தினான்.

"ராக்காயி!"

மூன்று வருசத்தில் முதல் தடவை.

"ராக்காயி! நீ இப்ப கன தூரம் போயிருப்பாய்! நான் கத்திறது உனக்குக் கேக்காது!"

இவன் என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்றான் மற்றவன். முத்துலிங்கம் அதையே திரும்பவும் கத்தினான். உனக்குக் கேக்காது, உனக்குக் கேக்காது.

எழும்பு என்று காலுக்குச் சொன்னேன். நூறு அடிதான். எழும்பி நின்று, இதோ நான்தான் அந்தப் பொம்பிளை என்று சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னால் போதும். கால் வெட்டுப்பட்டிருந்தது என்று சொல்லலாம். அதிகாரி சொன்னது பொய்யாக இருக்கும் என்று சொல்லலாம். முத்துலிங்கமே வராதே என்றுதானே கத்தினான் என்றும் சொல்லலாம். இதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதைகள். அந்த நேரத்தில் என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. மண்ணை வாய் நிறையக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவர்கள் அவனைத் திரும்பவும் கட்டினார்கள். ஜீப் போனது.

ஐயாவை மூன்று கிழமையில் விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு கொட்டில் பக்கம் போகவில்லை. வாலைத் திருத்த முடியுமா என்று துரை லண்டனிலிருந்து கேட்டு எழுதினார். ஒரு தகடு மாற்றினால் போதும் என்று ஐயா பதில் போட்டார். மாற்றுவதற்கு ஆள் இல்லை. நாலு வருசமாக வால் அங்கேதான் கிடக்கிறது. இடையில் இந்திய ஆமி வந்து பார்த்தது, அதுவும் தொடவில்லை.

முத்துலிங்கம் வரவில்லை. எந்த முகாமிலும் அவன் பெயர் இல்லை என்கிறார்கள்.

வடிவம்மா இப்போது என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்துகிறா. "என்ரை பிள்ளை மூடி வைச்சுக் காப்பாத்தின உயிர்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறா. மகனுடைய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றித் தருகிறா. நான் குடிக்கிறேன். குடிக்காமல் எழும்ப முடியாது. நான் அந்த மாலையிலேயே காட்டால் போய்விட்டேன் என்றுதான் ஊர் நினைக்கிறது. அப்படித்தான் நானும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் ஜீப் வந்ததும் அவன் நின்று கத்தினதும் மில் றோட்டுச் சனத்துக்குத் தெரியும், வார்த்தை மட்டும்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

நேற்றும் கேட்டா. என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் பார்த்துக் கேட்டா.

"அவன் கடைசியா எதையோ பெலத்துக் கத்தினவனாம். என்னெண்டு ஒருதருக்கும் விளங்கேல்லையாம். நீ காட்டுக்குள்ளைதானே நிண்டனி, பிள்ளை. உனக்கு ஏதும் கேட்டதோ?"

"இல்லம்மா" என்றேன். "நான் ரொம்ப தூரம் போயிட்டேன். கேக்கல."